சாம்பியன் கார்னு சொன்னா எந்தக் காரை சொல்றாங்க? மெக்லாரன் எஃப்1 ஜிடிஆர் ஓடின கதை

2025 ஜனவரில துபாய் 24 மணி நேர ரேஸ்ல அஜித் குமார் ரேசிங் டீம் 992 கிளாஸ்ல மூணாவது வந்ததுல இருந்து காரைக்குடி, தேவகோட்டை பக்கமெல்லாம் கார் ரேஸ் பேச்சு நல்லாவே கூடிருச்சு. கூடவே குழப்பமும் கூடிருச்சு. மூணாவதுன்னா மொத்த ரேஸ்லயும் மூணாவதா, அந்த கிளாஸ்ல மட்டுமா? ஜிடி3, 992ன்னு மாத்தி மாத்தி சொல்றாங்களே அதெல்லாம் என்ன? இன்னொரு பக்கம் பழைய ரேஸ் கார் வீடியோ, ஏலச் செய்தி இதுலயெல்லாம் "சாம்பியன்ஷிப் ஜெயிச்ச ஜிடி கார்"னு தலைப்பு போடுறாங்க, அது ஒரு மாடலை சொல்றதா, நம்பர் குத்தின ஒரே ஒரு வண்டியை சொல்றதா, இல்ல ஓட்டினவரோட பட்டத்தை காருக்கு ஒட்டி விடுறதான்னு யாரும் பிரிச்சு சொல்றதில்ல.

இதை விளக்க 1990கள்ல ஓடின இங்கிலாந்து ரேஸ் கார் மெக்லாரன் எஃப்1 ஜிடிஆரை விட நல்ல கார் கிடைக்காது. அந்தப் பேரு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்ற வெற்றி ஒரு வண்டியோடது, சாம்பியன்ஷிப் பட்டங்கள் வேற வண்டிகளோடது. ரெண்டையும் ஒண்ணா கலந்து ஒரே வரில எழுதிடுறாங்க, அங்கதான் சிக்கலே.

முதல்ல ஜிடின்னா என்ன

ஜிடிங்கிறது கிராண்ட் டூரிங். ரோட்டுல ஓட்டுற ஸ்போர்ட்ஸ் காரை எடுத்து, ரேஸுக்கு ஏத்த மாதிரி எடை குறைச்சு, கூண்டு வச்சு, பிரேக்கு டயரு மாத்தி ஓட்டுறது. ஃபார்முலா 1 கார் மாதிரி ரேஸுக்காகவே பொறந்த வண்டி இல்ல, எங்கயோ ஒரு ஷோரூம்ல அதோட ரோட்டு வண்டி வித்திருக்கணும்.

பெரும்பாலான ஜிடி ரேஸ்ல பல கிளாஸ் கார் ஒரே ட்ராக்ல ஒரே நேரத்துல ஓடும். நம்ம பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவங்களுக்கு கிளாஸ்ங்கிறது புதுசே இல்ல. பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டுன்னு பிரிப்பாங்க, ஒவ்வொண்ணுக்கும் தூரம் வேற பரிசு வேற, சின்ன மாட்டுல முதல்ல வந்த ஜோடியை யாரும் பெரிய மாட்டோட ஒப்பிட்டு குறைச்சுப் பேச மாட்டாங்க. மைக்ல அறிவிக்கும்போது மாட்டுக்காரர் பேரும் ஊரும் வரும், சாரதி பேரும் வரும், ஆனா எந்த ஜோடி மாடு ஓடுச்சுங்கிறதை விவரம் தெரிஞ்சவங்க தனியா ஞாபகம் வச்சிருப்பாங்க. உரிமையாளர், சாரதி, மாடு மூணும் மூணு கணக்கு. ஜிடி ரேஸ்லயும் டீம், டிரைவர், கார் மூணுக்கும் தனித்தனி கணக்குதான். ஒரே வித்தியாசம், பந்தயத்துல பிரிவு பிரிவா அவுத்து விடுவாங்க, இங்க எல்லாத்தையும் ஒண்ணா விடுறாங்க, அதனால வேகமான கிளாஸ் காரு மெதுவான கிளாஸை தாண்டிப் போயிட்டே இருக்கும், டிவில பார்த்தா யாரு யாரோட போட்டின்னே புரியாது.

துபாய் விஷயத்துக்கு பதில் இதுதான்: அந்த மூணாவது இடம் 992 கிளாஸ்ல. அதுல ஓடுற வண்டி போர்ஷே 911 ஜிடி3 கப். பேருல ஜிடி3 இருக்கே தவிர அது ஜிடி3 கிளாஸ் கார் கிடையாது, ஒரே மாதிரி கப் கார்கள் மட்டும் தங்களுக்குள்ள மோதுற கிளாஸ். போர்ஷேயோட நிஜமான ஜிடி3 கிளாஸ் வண்டிக்கு 911 ஜிடி3 ஆர்னு பேரு. இந்தப் பேரு வித்தியாசத்துலதான் பாதி செய்தி தப்பாப் போகுது.

ஹோமோலகேஷன்: எல்லா சண்டைக்கும் ஆரம்பம்

ரோட்டு வண்டில இருந்து வந்த கார்னு எப்படி நிரூபிக்கிறது? இத்தனை வண்டி ரோட்டுக்காக செஞ்சிருக்கணும், இந்த இந்த பாகம் அதுல இருந்த மாதிரியே இருக்கணும்னு ஒரு விதி வச்சு, பரிசோதிச்சு, சரின்னு முத்திரை குத்துறதுக்குப் பேரு ஹோமோலகேஷன். இது கண்டிப்பா இருந்தா நிஜ ஜிடி கார்கள் ஓடும், தளர்வா இருந்தா ரேஸ் காரை முதல்ல செஞ்சுட்டு அதுக்கு நம்பர் பிளேட் மாட்டி "இது ரோட்டு வண்டி"ன்னு சொல்ற கூத்து நடக்கும். பிரான்ஸ்ல நடக்குற லே மான்ஸ் 24 மணி நேர ரேஸை 1994ல ஜெயிச்ச டாவர் 962 அப்படித்தான், 1980கள்ல ஓடின போர்ஷே 962ங்கிற ரேஸ் காரை ரோட்டு வண்டியா மாத்தி பதிவு பண்ணி, திரும்ப அதையே ஜிடின்னு ரேஸுக்கு கொண்டு வந்தாங்க. விதிப்படி தப்பு இல்ல. ஆனா அந்த விதி எவ்வளவு ஓட்டைன்னு ஊருக்கே தெரிஞ்சு போச்சு.

மெக்லாரன் வந்தது நேர் எதிர்த் திசைல இருந்து.

ரேஸுக்குன்னு செய்யாத கார்

கோர்டன் முர்ரே ஃபார்முலா 1 கார்கள் வடிவமைச்சவர். அவருக்கு உலகத்துலயே நல்ல ரோட்டு கார் ஒண்ணு செய்யணும்னு ஆசை. 1992ல மொனாக்கோல மெக்லாரன் எஃப்1ஐ அறிமுகப்படுத்தினாங்க. உடம்போட அடிச்சட்டம் முழுக்க கார்பன் ஃபைபர், டிரைவர் சீட்டு நட்ட நடுவுல, ரெண்டு பக்கமும் கொஞ்சம் பின்னாடி தள்ளி ஆளுக்கொரு சீட்டு. இன்ஜின் பிஎம்டபிள்யூல பால் ரோஷே குழு செஞ்ச 6.1 லிட்டர் வி12, 627 குதிரை சக்தி. இன்ஜின் சூடு தாங்க உள்பக்கம் தங்கத் தகடு ஒட்டினாங்க, அலங்காரத்துக்காக இல்ல, சூட்டைத் திருப்பி அனுப்புறதுல தங்கம் நல்லா வேலை செய்யும்ங்கிறதுக்காக. 1998ல இதே மாடல்ல ஆண்டி வாலஸ் மணிக்கு 386 கிலோமீட்டர் தொட்டாரு.

ரேஸ் பண்ற எண்ணமே முர்ரேக்கு கிடையாது. ஆனா அந்த நேரம் யூர்கன் பார்த், பாட்ரிக் பீட்டர், ஸ்டெஃபான் ரடெல் மூணு பேரும் சேர்ந்து, தங்கள் பேரோட முதல் எழுத்துகளை வச்சு பிபிஆர்னு ஒரு ஜிடி தொடர் ஆரம்பிச்சிருந்தாங்க. அதுல ஓட்ட நல்ல வண்டி தேடின சில பணக்கார டிரைவர்கள், முக்கியமா ரே பெல்ம்ங்கிற தொழிலதிபரும் தாமஸ் பிஷர்ங்கிற ஜெர்மன் பேங்கரும், இந்த எஃப்1 ரோட்டு காரை வச்சு ரேஸ் வண்டி செஞ்சு குடுங்கன்னு நச்சரிச்சு சம்மதிக்க வச்சாங்க. வட்டிக் கணக்கும் பேரேடும் தலைமுறையா பார்த்த ஊருக்காரங்களுக்கு இந்த இடம் சுவாரசியமா இருக்கும்: காசு போட்டவரே ஸ்டியரிங்கும் பிடிச்சாரு, அந்த பேங்கர்தான் பின்னாடி புகாட்டி கம்பெனிக்கே தலைவர் ஆனாரு.

அப்படி வந்ததுதான் எஃப்1 ஜிடிஆர். 1995க்கு 9 வண்டி செஞ்சாங்க, 01ஆர் முதல் 09ஆர் வரைக்கும் சேஸிஸ் நம்பர், அதாவது அடிச்சட்டத்தோட நம்பர். 1996க்கு இன்னொரு 9, 1997க்கு 10, ஆக மொத்தம் 28. இந்த நம்பரை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேண்டியிருக்கும். இன்னொரு ஆச்சரியம், ரேஸ் வண்டிக்கு ரோட்டு வண்டியை விட சக்தி கம்மி. விதிப்படி இன்ஜினுக்குள்ள போற காத்தோட அளவை குறைக்க ரெஸ்ட்ரிக்டர்னு ஒரு வளையம் மாட்டணும், மாட்டினதும் சுமார் 600 குதிரை சக்திக்கு இறங்கிருச்சு. உடம்பு மட்டும் ரோட்டு வண்டியை விட நல்லாவே இளைச்சிருந்துச்சு.

1995: ஒரே வருஷத்துல ரெண்டு பெரிய வெற்றி, ரெண்டும் வேற வேற

இங்கதான் கவனமா படிக்கணும்.

1. பிபிஆர் சாம்பியன்ஷிப். இது வருஷம் முழுக்க பல நாடுகள்ல ஓடுற தொடர், பெரும்பாலும் 4 மணி நேர ரேஸ். ஒவ்வொரு ரேஸ்லயும் வர்ற இடத்துக்கு புள்ளி, வருஷக் கடைசில கூட்டிப் பார்த்து அதிகம் வச்சவங்க சாம்பியன். 1995ல இந்தப் பட்டம் தாமஸ் பிஷருக்கும் டென்மார்க்காரர் ஜான் நீல்சனுக்கும் போச்சு. ஒருத்தர் பேங்கர், இன்னொருத்தர் 1990ல ஜாகுவார்ல லே மான்ஸ் ஜெயிச்ச முழு நேர டிரைவர். பணம் போடுற அமெச்சூரும் தொழில்முறை டிரைவரும் ஜோடி சேர்றதுதான் ஜிடி ரேஸோட முதுகெலும்பு, இன்னைக்கு புரோ-ஆம்னு சொல்றதும் இதையேதான். அமெச்சூர் வண்டியை அடி படாம, நேரம் அதிகம் விடாம கொண்டு வந்து குடுக்கணும், மத்ததை புரோ பார்த்துக்குவாரு. சாம்பியன்ஷிப் ஜெயிக்கிறது பெரும்பாலும் இந்த முதல் ஆளோட நிதானத்துலதான், வேகத்துல மட்டும் இல்ல.

2. லே மான்ஸ் 24 மணி நேரம். இது 1995 பிபிஆர் தொடர்ல சேர்த்தியே இல்ல. தனி ரேஸ், தனிக் கோப்பை. இதுல ஜெயிச்சா உலகமே பேசும், ஆனா சாம்பியன்ஷிப் கணக்குல ஒரு புள்ளி கூட ஏறாது.

லே மான்ஸ் கதைய கொஞ்சம் விரிவாவே சொல்லணும். 1995 ஜூன் 17, 18. மெக்லாரன் ஏழு வண்டி இறங்குச்சு. ரோட்டு வண்டில இருந்து வந்த கார், 24 மணி நேர அனுபவமே கிடையாது, எதிர்ல ரேஸுக்காகவே செஞ்ச புரோட்டோடைப் கார்கள். காஞ்ச ட்ராக்கா இருந்தா கியர்பாக்ஸும் கிளட்சும் 24 மணி நேரம் தாங்குமாங்கிறதே மெக்லாரன் ஆளுங்களுக்கு பெரிய கவலை. ஆனா மழை வந்துச்சு, வந்தது நிக்கவே இல்ல, ரேஸோட பெரும்பகுதி ஈர ட்ராக்லதான். ஈரத்துல டயருக்கு பிடி கம்மி, அதனால இன்ஜினோட முழு பலமும் கியர்பாக்ஸ் மேல இறங்கல. அந்த மழைதான் காரைக் காப்பாத்துச்சுன்னு சொன்னா அது மிகை இல்ல.

ராத்திரி மழைல பின்லாந்துக்காரர் ஜேஜே லெஹ்டோ 59ம் நம்பர் வண்டியை ஓட்டின ஓட்டம் இன்னைக்கு வரைக்கும் பேசுறாங்க, மத்தவங்க உயிரக் கைல பிடிச்சுக்கிட்டு ஓட்டின நேரத்துல அவரு லேப்புக்கு லேப் நேரத்தை அள்ளிக்கிட்டே வந்தாரு. கூட ஓட்டினவங்க யானிக் டல்மாஸும் ஜப்பானோட மசானோரி செகியாவும். லே மான்ஸ் ஜெயிச்ச முதல் ஜப்பானியர் செகியாதான். டல்மாஸ் அதுக்கு முந்தின வருஷம் டாவர் 962லயும் ஜெயிச்சவரு, அதாவது ஹோமோலகேஷனோட ரெண்டு முனையிலயும் நின்னு கோப்பை தூக்கினவரு.

ரேஸோட பெரும்பகுதி ஜெயிக்கப் போறது 59 இல்ல, ஹாரட்ஸ் கடை விளம்பரத்தோட மஞ்சள் நிறத்துல ஓடின 51ம் நம்பர் மெக்லாரன்தான்னு தெரிஞ்சுச்சு. ஆண்டி வாலஸ், டெரெக் பெல், அவரு பையன் ஜஸ்டின் பெல் மூணு பேரும் ஓட்டினாங்க. முடிய கொஞ்ச நேரமே இருக்கும்போது கிளட்ச் தொல்லை குடுத்து மூணாவதுக்கு இறங்கிருச்சு. பயந்த பாகமே, மழைக்கும் தப்பி, கடைசில வேலையக் காட்டிருச்சு. ரெண்டாவது வந்தது மரியோ ஆண்ட்ரெட்டி ஓட்டின கூராஜ் கம்பெனி புரோட்டோடைப், ஜெயிச்ச 59 ஓடின 298 லேப்பை விட ஒரே ஒரு லேப் கம்மி. லேப் ஒண்ணு 13.6 கிலோமீட்டர், மொத்தம் 4,000 கிலோமீட்டருக்கு மேல ஓடி இவ்வளவுதான் வித்தியாசம். முதல், மூணு, நாலு, அஞ்சு, பதிமூணு எல்லாம் மெக்லாரன்.

இப்ப சேஸிஸ் நம்பருக்கு வருவோம். ஜெயிச்ச 59ம் நம்பர் வண்டி 01ஆர். அது மெக்லாரன் தன்னோட சோதனை ஓட்டத்துக்கு வச்சிருந்த வண்டி, ஜப்பான் ஸ்பான்சர் காசுல, லான்ஸான்டேங்கிற சின்ன இங்கிலாந்து டீம் கவனிச்சு ஓட்டுச்சு. அந்த ஒரு ரேஸ், அவ்வளவுதான், அதுக்கு முன்னாடியும் இல்ல பின்னாடியும் இல்ல. ஆக ஜிடிஆர்லயே ரொம்பப் புகழ் பெத்த வண்டி எந்த சாம்பியன்ஷிப்லயும் ஓடவே இல்ல. "சாம்பியன் கார்"னு தலைப்பு போட்டு 59ம் நம்பர் படத்தை ஒட்டினா அது தப்பு, "லே மான்ஸ் வெற்றிக் கார்"னு போட்டா சரி. சின்ன விஷயம் மாதிரி தெரியலாம், ஆனா வருஷம் பூரா ஊர் ஊரா லாரில ஏறி இறங்கி, அடி பட்டு, பாகம் மாத்தி, புள்ளி சேர்த்த வண்டியோட உழைப்பு இந்தத் தப்புல காணாமப் போயிடுது.

1996: ரெண்டு கண்டம், ரெண்டு பட்டம்

பிபிஆர் பட்டம் திரும்பவும் மெக்லாரனுக்குத்தான், இந்த தடவை வெளிர் நீலமும் ஆரஞ்சும் அடிச்ச கல்ஃப் டீம் வண்டில ரே பெல்ம், ஜேம்ஸ் வீவர் ஜோடி. மாடல் அதே, டீம் வேற, டிரைவர் வேற.

அதே வருஷம் ஜப்பான் ஜிடி சாம்பியன்ஷிப்லயும் ஜிடிஆர் ஜெயிச்சது. டிரைவர்கள் டேவிட் பிராபமும் போன வருஷம் பிபிஆர் ஜெயிச்ச அதே ஜான் நீல்சனும். ஒரே டிரைவர், ஒரே மாடல், அடுத்தடுத்த வருஷம் ரெண்டு பட்டம், ஆனா டீம் வேற, தொடர் வேற. டிரைவர் வரலாறும் கார் வரலாறும் தனித்தனி ரோட்டுல போகும்னு சொன்னதுக்கு இதை விட தெளிவான சாட்சி இல்ல. அந்த ஜப்பான் தொடர்தான் 2005ல சூப்பர் ஜிடின்னு பேரு மாறுச்சு, 2019ல ஃபியூஜி ட்ராக்ல சூப்பர் ஜிடியும் ஜெர்மனியோட டிடிஎம் கார் ரேஸ் தொடரும் சேர்ந்து நடத்தின ரேஸ்ல நம்ம கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஹோண்டா என்எஸ்எக்ஸ்ல ஜெயிச்சாரே, அந்த சூப்பர் ஜிடிதான்.

1996 கடைசில போர்ஷே 911 ஜிடி1 வந்து இறங்குச்சு. பேரு 911, ஆனா முன்பாதி மட்டும்தான் 911ல இருந்து வந்தது, இன்ஜினை நடுவுக்குத் தள்ளி கிட்டத்தட்ட புரோட்டோடைப் மாதிரி செஞ்ச வண்டி. அந்த வருஷம் அதுக்கு புள்ளி குடுக்கல, ஆனா வந்ததும் ஜெயிக்க ஆரம்பிச்சது. டாவர் காட்டின ஓட்டை வழியா இப்ப பெரிய கம்பெனிகள் உள்ள வர ஆரம்பிச்சாங்க.

1997: விதி மாறினா சாம்பியனும் மாறும்

1997ல பிபிஆர் போயி, உலக கார் ரேஸ் அமைப்பான எஃப்ஐஏவோட ஜிடி சாம்பியன்ஷிப் வந்துச்சு. மெக்லாரன் பதிலுக்கு முன்னும் பின்னும் உடம்பை நீட்டி லாங்டெயில் ஜிடிஆர் செஞ்சது, இன்ஜினை 6 லிட்டருக்குக் குறைச்சு, கியரை ஒண்ணொண்ணா வரிசையா மட்டும் மாத்துற சீக்வென்ஷியல் கியர்பாக்ஸ் மாட்டினாங்க. அந்த நீளமான உடம்புக்கு ஹோமோலகேஷன் வேணுமேன்னு அதே வடிவத்துல ரோட்டு வண்டியும் செஞ்சாங்க, அந்த எஃப்1 ஜிடி மொத்தமே மூணுதான். ரோட்டு காரைப் பார்த்து ரேஸ் கார் செய்யணும்ங்கிற விதி இங்க தலைகீழா ஆயிருச்சு, ரேஸ் காரைப் பார்த்து ரோட்டு கார் செஞ்சாங்க.

மெர்சிடிஸ் இன்னும் ஒரு படி மேல போச்சு. ஒரு ஜிடிஆரை வாங்கி ஆராய்ஞ்சு பார்த்துட்டு சிஎல்கே ஜிடிஆர் செஞ்சாங்க, ரோட்டு வண்டிகள் வர்றதுக்கு முன்னாடியே ரேஸ்ல ஓட விட்டாங்க. பட்டம் மெர்சிடிஸோட பெர்ன்ட் ஷ்னைடருக்குப் போச்சு. மெக்லாரன் சும்மா விடல, லே மான்ஸ்ல அந்த வருஷம் மொத்தத்துல ரெண்டாவதும் மூணாவதும் வந்து, ஜிடி கார்கள்லயே வேகமான ஜிடி1 கிளாஸையும் ஜெயிச்சது. ஆனா சாம்பியன்ஷிப் கை விட்டுப் போச்சு, காரு கெட்டுப் போனதால இல்ல, விதி வேற மாதிரி வண்டிக்கு வசதியா மாறினதால.

1998ல ஜிடி1ல பத்துக்குப் பத்து ரேஸும் மெர்சிடிஸ்தான். காசு இருக்கிற ஒரே கம்பெனி ஜெயிச்சுக்கிட்டே இருந்தா மத்தவங்க எதுக்கு வரணும்? ஆள் இல்லாம 1999ல அந்த கிளாஸையே தூக்கிட்டாங்க.

அதோட விளைவுதான் இன்னைக்கு பார்க்கிற ஜிடி3

பிபிஆர் ஆரம்பிச்ச மூணு பேர்ல ஒருத்தரான ஸ்டெஃபான் ரடெல் 2006ல ஜிடி3 தொடரை கொண்டு வந்தப்போ, கம்பெனிகளோட செலவுப் போட்டிக்கு கடிவாளம் போடுற வழி ஒண்ணை மையமா வச்சாரு. பேரு பேலன்ஸ் ஆஃப் பெர்ஃபார்மன்ஸ், சுருக்கமா பிஓபி. வேகமா இருக்கிற காருக்கு எடை ஏத்துவாங்க, இன்ஜின் சக்தியை குறைப்பாங்க, தரைல இருந்து உடம்போட உயரத்தை மாத்தச் சொல்லுவாங்க. ஃபெராரி, போர்ஷே, மெக்லாரன் எல்லாம் ஒரே நேரத்துக்குள்ள வந்து நிக்கிற மாதிரி. 2024ல இருந்து நீண்ட நேர ரேஸ்களோட தொடரான உலக எண்டியூரன்ஸ் சாம்பியன்ஷிப்லயும் ஜிடி கிளாஸ் இந்த ஜிடி3 வண்டிகளை வச்சுத்தான்.

இதுல நல்லதும் இருக்கு, இழப்பும் இருக்கு. நல்லது, யார் வேணா வண்டி வாங்கி ஓட்டலாம், நம்ம ஊர் டீம் கூட போய் நிக்க முடியுது. இழப்பு, இன்னைக்கு ஒரு ஜிடி3 கார் பட்டம் ஜெயிச்சா அதுல காரோட பங்கு எவ்வளவு, பிஓபியோட பங்கு எவ்வளவுன்னு பிரிக்கவே முடியாது. 1995 ஜிடிஆர் மாதிரி "இந்த மாடல் மத்ததை விட நல்லா செஞ்ச மாடல்"னு அடிச்சு சொல்ல வழி இல்ல. எனக்கு இந்த இழப்பு பெருசாத்தான் தெரியுது, ஆனா 1998 மாதிரி கிளாஸே செத்துப் போறதுக்கு இது எவ்வளவோ மேல்.

ஓடி முடிச்ச வண்டிகள் என்ன ஆச்சு

01ஆர் மெக்லாரன்கிட்டயேதான் இருக்கு. 1995 லே மான்ஸ்ல முடிச்ச அஞ்சு வண்டி நினைவா எஃப்1 எல்எம்னு அஞ்சு ரோட்டு கார் செஞ்சு வித்தாங்க. மத்த ஜிடிஆர்கள் தனியார்கிட்ட போயிருச்சு, சிலதை ரோட்டுல ஓட்டுற மாதிரி மாத்திட்டாங்க, சிலது பழைய கார் விழாக்கள்ல இன்னும் ஓடுது. பிங்க் ஃபிளாய்ட் டிரம்மர் நிக் மேசன்கிட்ட இருக்கிற 10ஆர் 2017ல குட்வுட் ட்ராக்ல கண்காட்சி ஓட்டத்துல தடுப்புல மோதி அடி வாங்குச்சு.

அடி வாங்கினா அது அதே காரா? ரேஸ் உலகத்துல இதுக்கு நடைமுறையான பதில் இருக்கு. கதவு, போனட், இன்ஜின், கியர்பாக்ஸ் எதை மாத்தினாலும் வண்டியோட அடையாளம் மாறாது, ரேஸ் ஓடும்போதே அதெல்லாம் மாத்தினதுதான். கார்பன் அடிச்சட்டமும் அதோட சேஸிஸ் நம்பரும்தான் அடையாளம். ஜிடிஆர் விலைக்கு வரும்போது வாங்குறவங்க பார்க்க வேண்டியது இவ்வளவு:

1. சேஸிஸ் நம்பர் என்ன, அடிச்சட்டம் தொழிற்சாலைல வந்ததேதானா.
2. எந்த எந்த ரேஸ்ல, எந்த ரேஸ் நம்பர்ல, எந்த டீமுக்கு ஓடுச்சு. ரேஸ் நம்பர் ஸ்டிக்கர்தான், ரேஸுக்கு ரேஸ் மாறும், அதை சேஸிஸ் நம்பரோட குழப்பக் கூடாது.
3. பட்டம் ஜெயிச்ச ஜோடி அந்த வருஷம் இதே வண்டியைத்தான் ஓட்டினாங்களா, இல்ல டீமோட இன்னொரு வண்டியா.
4. இப்ப இருக்கிற பெயிண்ட் அந்தக் காலத்துல இந்த வண்டில இருந்ததா, பின்னாடி புகழுக்காக அடிச்சதா.

மூணாவது கேள்விக்கு எழுத்துல ஆதாரம் இருந்தா மட்டும்தான் அது சாம்பியன் கார். இல்லன்னா அது சாம்பியன் ஆன மாடல்ல வந்த 28 வண்டில ஒண்ணு. அதுவும் மதிப்பான வண்டிதான், ஆனா விலையும் வேற, வரலாறும் வேற.